உப்பு தீயாது

கடலூர் முதுநகர்
14.9.2007

பிரீதா டீச்சருக்கு ராபர்ட் எழுதுவது.

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. ஒரு கேனின் கைப்பிடியில் கட்டப்பட்டு, சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர் தேவநாதன் காலடியில் உட்கார்ந்து வருகிறது. தாகம் என்று கேனைத் திறந்து வாயில் ஊற்றிவிடாதீர்கள். உள்ளே இருப்பது தேவனாம்பட்டினத்துக் கடல்.

பயிற்சிப் பள்ளியில் படிக்கும்போது வரலாற்றுப் புத்தகத்தைச் செத்தவர்கள் பட்டியல் என்று சொல்லி வாத்தியாரிடம் திட்டு வாங்கியவர் நீங்கள். இப்போது அதே பட்டியலை ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்கு நடத்த வேண்டியிருக்கிறது, உப்புச் சத்தியாகிரகத்தை எப்படி நடத்துவது என்று என்னிடம் கேட்கிறீர்கள். நடத்தவே வேண்டாம், பிள்ளைகளை நடக்க விடுங்கள். காந்தி ஜெயந்திக்கு முதல் நாள் வைத்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் அடுப்பு மூட்டிக் கடல் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். பிள்ளைகள் ஊர்வலமாக ஊரைச் சுற்றிவிட்டு வரட்டும். காகிதத் தடியோடு இரண்டு போலீஸ் வழிமறிக்கட்டும். திரும்பி வரும்போது உப்பு பூத்திருக்கும். ஆளுக்கு ஒரு சிட்டிகை அள்ளட்டும். இத்தனூண்டு உப்புக்கு ஏன் அடி வாங்கினார்கள் என்று அப்போது கேளுங்கள். புத்தகத்தை அதற்குப் பிறகு திறந்தால் போதும்.

நான் போன மாதம் இங்கே செய்து பார்த்தேன். சுனாமிக்குப் பிறகு என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கடல் பக்கமே வர மாட்டார்கள். தண்ணீர் மொள்ள நான்தான் போனேன். வாத்தியார் வேலையில் இதுவும் சேர்த்தி.

காந்தியாகத் தடி பிடித்து முன்னால் போவது யார் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். சீட்டுக் கொடுத்து ஓட்டுப் போடச் சொல்லுங்கள். என் அக்கா மகள் வெண்மதி உங்கள் எட்டாம் வகுப்பில் இருக்கிறாள் என்பதற்காக அவளுக்கு எந்தச் சலுகையும் வேண்டாம். “ஒன்னோட படிச்ச டீச்சரு இருக்காங்கன்ற தைரியத்துலதான் அவள வேலைக்கு இஸ்துகினு போவாம படிக்க உட்டிருக்கேன்” என்கிறாள் அக்கா மங்கலம். அது போதும்.

ராபர்ட்


சிதம்பரம்
23.9.2007

ராபர்ட் சாருக்கு,

கடல் பத்திரமாக வந்து சேர்ந்தது. தேவநாதன், “சார் கள்ளு கிள்ளு அனுப்பலியே?” என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.

பிள்ளைகள் முன்னால் அசடு வழியக் கூடாது என்று முதலில் வீட்டில் ஒரு சொம்பு காய்ச்சிப் பார்த்தேன். மாமியார், “ஏம்மா, கடையில உப்புக்கா பஞ்சம்?” என்று முணுமுணுத்துக்கொண்டே கோயிலுக்குக் கிளம்பினார். துணைக்கு நானும் போனேன். சந்நிதிக் கூட்டத்தில் நிற்கும்போதுதான் அடுப்பை அணைக்காதது நினைவுக்கு வந்தது. ஓடி வந்தால் பாத்திரம் நெருப்பாகக் கிடக்கிறது, உப்பு மட்டும் அடியில் வெள்ளை வெளேரென்று பூத்திருக்கிறது. பாலாக இருந்திருந்தால் தெருவே நாறியிருக்கும்.

ஓட்டுப் பதிவு முடிந்தது. நம்ப மாட்டீர்கள், வெண்மதிதான். பாதிக்கு மேல் சீட்டு அவள் பெயரில். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சத்தியம். எழிலன் என்று ஒரு பையன், “பொம்பளப் புள்ள காந்தியா?” என்று கேட்டான். “நடக்கத்தான போறோம், மீச முறுக்கவா போறோம்?” என்றாள் அவள். வகுப்பே சிரித்தது, எழிலனும் சிரித்தான். மைதானத்தில் ஒத்திகை நடந்தபோது அவள் நடைக்கு ஒருவனாலும் ஈடுகொடுக்க முடியவில்லை.

ஊரிலும் நல்ல ஆதரவு. கல்விக் குழுத் தலைவர் கலியமூர்த்தி ஐயா, வெல்லம் காய்ச்சும் பெரிய கொப்பரையைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பள்ளியில் கிளம்பி, பெரிய தெரு வழியாகப் பிள்ளையார் கோயில் வரை போய்த் திரும்புகிறோம். உங்கள் சொந்த ஊர்தானே, வழி சரிதானா? எனக்கு அங்கே பஸ் நிறுத்தத்தையும் பள்ளிக்கூடத்தையும் விட்டால் ஒன்றும் தெரியாது.

பிரீதா


கடலூர் முதுநகர்
27.9.2007

பிரீதா டீச்சருக்கு,

இரண்டாவது கேனோடு ஒரு பொட்டலமும் வருகிறது. மஞ்சக்குப்பத்தில் தேடி வாங்கிய வட்ட மூக்குக்கண்ணாடி. கண்ணாடி இல்லாமல் வெறும் கம்பிதான். வெண்மதியிடம் மாமா கொடுத்தது என்று சொல்லுங்கள்.

சிரித்துக்கொண்டே இருக்கிறேன். பக்கத்து வகுப்பு வாத்தியார் சம்பளம் ஏறிவிட்டதா என்று கேட்டார்.

மேலே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன், அதைப் படிக்க முயல வேண்டாம். பழைய நினைப்பு. காலம் மாறிவிட்டது. நல்லபடியாக நடத்துங்கள்.

ராபர்ட்


சிதம்பரம்
4.10.2007

ராபர்ட் சாருக்கு,

விழா நன்றாக நடந்தது. செய்தித்தாளில் படம் வந்திருக்கிறது, வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். உதவிக் கல்வி அலுவலர் போன் செய்து பாராட்டினார். மற்ற பள்ளிகளிலும் இதைச் செய்து காட்டச் சொல்லப் போகிறாராம். எல்லாம் உங்கள் யோசனை என்று சொன்னேன்.

ஒரே ஒரு சின்ன மாற்றம். அன்று காலை கலியமூர்த்தி ஐயா வந்தார். கொப்பரை சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்தார். டீ குடித்தார். கிளம்பும்போது, “புள்ளைங்க படிக்கட்டும் டீச்சர், நான் இன்னா வேணாம்னா சொல்றேன்? பெரிய தெருவுல தடி புடிச்சிகினு முன்னால போறது யாருன்றதுதான். நாளைக்கி எதுனா ஒண்ணுன்னா நீங்க பஸ் ஏறி செதம்பரம் போயிடுவீங்க. நாங்க இங்க இருக்கணும்ல” என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. எச்.எம். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரமே இல்லை சார். பிள்ளைகள் வரிசையில் நின்றுவிட்டார்கள். நிறுத்தினால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏமாற்றம். தடியை எழிலனிடம் கொடுத்தேன். வெண்மதியிடம், “உப்பு தீஞ்சிடாம பாத்துக்க ஒரு கெட்டிக்காரப் பொண்ணு வேணும், அது நீதான்” என்றேன். கம்பிக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவளோடு இன்னும் சில பிள்ளைகளும் இருந்தார்கள். உப்பு அருமையாக வந்தது. பொட்டலம் கட்டி எல்லார் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினோம்.

அவள் வருத்தப்படவில்லை என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் போனில் ஒரு வார்த்தை பேசினால் நல்லது.

பிரீதா


கடலூர் முதுநகர்
10.10.2007

பிரீதா டீச்சருக்கு,

உப்பு தீயாது. உங்களுக்குத் தெரியும். கோயிலிலிருந்து ஓடி வந்த கதையை நீங்களே எழுதினீர்கள்.

இன்னும் சில பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகள் யார் யார்? பெயர் எழுதக் கை வரவில்லையா? நான் சொல்கிறேன். காலனிப் பிள்ளைகள் ஒருவர் பாக்கியில்லாமல். ஒருத்தியைத் தடுத்தது கலியமூர்த்தி, மிச்சப் பேரையும் சேர்த்து உட்கார வைத்தது நீங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் அவர்களில் ஒரு முகம் இருக்கிறதா என்று பாருங்கள். புகை மட்டும் இருக்கிறது.

வெண்மதி பக்கத்து வீட்டு செல்போனில் என்னைக் கூப்பிட்டாள். அழவில்லை. “மாமா, உப்பு தீயுமா?” என்று மட்டும் கேட்டாள். தீயாது என்றேன். சரி என்று வைத்துவிட்டாள். விழாவுக்குப் பிறகு அவள் பள்ளிக்கே வரவில்லை என்பதை நீங்கள் எழுதவில்லை. அக்காவோடு நடவுக்குப் போகிறாள்.

பாராட்டிய அலுவலருக்கு என் நன்றியைச் சொல்ல வேண்டாம். போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன்.

ராபர்ட்


சிதம்பரம்
25.11.2007

ராபர்ட் சாருக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. அவற்றில் நான் காரணங்களாக எழுதினேன், பதில் வராததும் சரிதான். இதில் காரணம் எதுவும் இல்லை.

உங்களிடம் மறைத்தது ஒன்று இருக்கிறது. காந்தி ஜெயந்தி விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், பஸ் இறங்கி வாய்க்கால் மதகைத் தாண்டும்போது தண்ணீரில் காகிதப் பொட்டலங்கள் ஒதுங்கிக் கிடந்ததைப் பார்த்தேன். என் கையால் மடித்த பொட்டலங்கள். யார் அடுப்படியில் நின்று காய்ச்சிய உப்பு என்று வீடுகளுக்குத் தெரிந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் விழா நன்றாக நடந்தது என்று உங்களுக்கு எழுதினேன். எப்படி எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை.

போன வாரம் உங்கள் அக்கா வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் காலனிக்குள் போனது அதுதான் முதல் தடவை. அக்கா நாற்காலி போட்டார், டீ போட்டுக் கொடுத்தார். “டீச்சர், எம் பொண்ணு தடி கேட்டு வரல. நீங்கதான் குடுத்தீங்க, நீங்கதான் புடுங்கிகினீங்க. அவ பாட்டுக்குப் படிச்சிகினு இருந்தா” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வெண்மதி நடவிலிருந்து வந்தாள். முழங்கால் வரை சேறு. “வணக்கம் டீச்சர்” என்றாள், எப்போதும் வகுப்பில் சொல்கிற மாதிரியே. பள்ளிக்கு வா என்றேன். “பாக்கறேன் டீச்சர்” என்றாள்.

எட்டாவதை முடிக்காமல் நின்றுவிட்டால் கீரப்பாளையம் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாவது சேர முடியாது. அந்தப் பிள்ளையின் படிப்பு நின்றால் அது கலியமூர்த்தி ஐயாவால் இல்லை, என்னால். இரவில் சோற்றில் உப்புப் போடும்போது கை நிற்கிறது. அவள் மாமா சொன்னால் கேட்பாள். எனக்காக இல்லை, அவளுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பிரீதா


கடலூர் முதுநகர்
18.1.2008

பிரீதா டீச்சருக்கு,

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். வெண்மதியிடம் பேசினேன். பள்ளிக்கு வருவாள். ஆனால் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். “எல்லாப் பாடத்துக்கும் உக்காருவேன் மாமா. வரலாறு வந்தா வெளிய போயி மரத்தடில உக்காருவேன்.” நான் சரி என்றேன். நீங்களும் சரி என்றுதான் சொல்ல வேண்டும்.

உங்கள்மேல் இருந்த கோபம் குறையவில்லை. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது, அதனால்தான் எழுதுகிறேன். அன்று நான் அடித்த வரி இதுதான்: “பெரிய தெரு வழியாக வேண்டாம்.” அடித்தது ஏன் தெரியுமா? எழுதினால் ஏன் என்று கேட்பீர்கள். விளக்கம் சொல்ல எனக்கு வெட்கம். உங்களுக்கு நான் கடலூர் ராபர்ட் சார். அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

நான் அதே பள்ளியில்தான் எட்டாவது வரை படித்தேன். ஒரு நாள்கூடப் பெரிய தெரு வழியாகப் பள்ளிக்குப் போனதில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டுமே என்று அம்மா வாய்க்கால் கரை வழியைக் காட்டிக் கொடுத்தாள். மழைக்காலத்தில் சேறு, வெயில் காலத்தில் முள். அதில் போயே படித்தேன், வேலைக்கும் வந்தேன். பேன்ட் போட்டுக்கொண்டு, பர்ஸில் அரசாங்க அடையாள அட்டை வைத்துக்கொண்டு ஊருக்குப் போகும்போதும் அந்தக் கரையில்தான் போகிறேன். என்னால் நடக்க முடியாத தெருவுக்குப் பதிமூன்று வயசுப் பெண்ணை அனுப்பி வைத்துவிட்டு, இங்கே உட்கார்ந்து கம்பிக் கண்ணாடி வாங்கிக்கொண்டிருந்தேன். உங்களுக்காவது அந்தத் தெரு எப்படிப்பட்டது என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

ராபர்ட்


சிதம்பரம்
8.3.2008

ராபர்ட் சாருக்கு,

தண்ணீர் வேண்டும் என்று கார்டு போட்டேன், இரண்டு கேனும் வந்துவிட்டன. கைப்பிடியில் கடிதம் இருக்கிறதா என்று பார்த்தேன். “சார் ஒண்ணும் குடுக்கல டீச்சர்” என்றார் தேவநாதன். பரவாயில்லை, தண்ணீர் வந்ததே.

எதற்கு என்று சொல்ல வேண்டுமல்லவா. வெண்மதி சொன்னபடியே வருகிறாள். வரலாறு வந்தால் எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய்விடுவாள். ஒரு மாதம் நான் பாடம் நடத்தினேன், அவள் முதுகு ஜன்னலில் தெரிந்துகொண்டே இருந்தது. போன திங்கள்கிழமை முடியவில்லை. எல்லாப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மரத்தடிக்கே போனேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன்: “ஓட்டுல ஜெயிச்சது வெண்மதி. பயந்துபோயி தடியப் புடுங்கினது நான். உப்பு தீயும்னு அவகிட்ட பொய் சொன்னேன். உப்பு தீயாது.” எனக்கு அழுகை வந்துவிட்டது, வாத்தியாரம்மா அழுவதைப் பார்த்து சின்ன வகுப்புப் பிள்ளைகள் வேறு அழ ஆரம்பித்துவிட்டன. மானம் போனது. போகட்டும்.

ஊர்வலத்தை மறுபடி நடத்தலாமா, உனக்குத் தடி வேண்டுமா என்று அவளிடம் கேட்டேன். “தடி வாணாம் டீச்சர். காலனில இருந்து கெளம்பணும். பெரிய தெரு வழியா வரணும். வர்றவங்க வரட்டும்” என்றாள். நான் முன்னால் வருகிறேன், எவன் என்ன சொல்கிறான் பார்ப்போம் என்றேன். தலையை ஆட்டினாள். “நீங்க வராதீங்க டீச்சர். அடுப்பப் பாத்துக்குங்க.” அப்புறம் சிரிக்காமல் சொன்னாள், “உப்பு தீஞ்சிடாம பாத்துக்குங்க.”

சரி என்றேன். வேறு என்ன சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது?

வருகிற புதன்கிழமை, பன்னிரண்டாம் தேதி. உண்மையான யாத்திரை தொடங்கிய நாளும் அதுதான். கொப்பரையை இந்தத் தடவை நான் கேட்கவில்லை. வீட்டு அண்டாவை எடுத்துப் போகிறேன். எச்.எம். அன்றைக்கு மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார், காய்ச்சல் புதன்கிழமை வரும் என்று இப்போதே தெரிந்திருக்கிறது. என்னை மாற்றச் சொல்லிக் கலியமூர்த்தி ஐயா மேலே மனு கொடுத்திருக்கிறாராம். உங்கள் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். “அவளே சொன்னாளா? அப்ப போவட்டும்” என்றார். ஏதாவது ஆகிவிட்டால் நான் அங்கே அடுப்படியில் உட்கார்ந்திருப்பேன். ஜெபம் செய்யுங்கள். நான் நடராஜரிடம் சொல்லியிருக்கிறேன்.

பிரீதா


கடலூர் முதுநகர்
14.3.2008

பிரீதா டீச்சருக்கு,

புதன்கிழமை நான் வந்திருந்தேன். உங்களுக்குத் தெரியாது. “மாமா, நீ வா” என்று வெண்மதி கூப்பிட்டாள். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் புறப்பட்டேன். பெரிய தெருவில் அவள் பின்னால், செருப்புக் காலோடு நடப்பது என்று பஸ் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

பஸ் இறங்கினேன். நேரமாகிவிட்டதே என்று வேகமாக நடந்தேன். முள் குத்திய பிறகுதான் பார்க்கிறேன், வாய்க்கால் கரையில் நிற்கிறேன். கால் அதுபாட்டுக்குப் பழைய வழியைப் பிடித்துவிட்டது. திரும்பி ஓடலாம் என்றால் பிள்ளைகளின் கோஷம் அதற்குள் பெரிய தெருவுக்குள் போய்விட்டது. பள்ளியின் பின்வேலிக்கு வந்து நின்றேன். நீங்கள் அண்டா முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். சத்தம் பெரிதானால் எழுந்திருக்கிறீர்கள், அடங்கினால் உட்காருகிறீர்கள். கரண்டி கையிலேயே இருந்தது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? அப்படியே நின்றேன். அவள் நடந்ததை நீங்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. அது என் கையில் இருக்கிற சரக்கு இல்லை. மாற்றல் உத்தரவு வந்தால் எழுதுங்கள், ஆசிரியர் சங்கத்தில் பேசுகிறேன். போனும் செய்யலாம், எடுப்பேன்.

நீங்கள் பஸ் ஏறிய பிறகு அக்கா வீட்டுக்குப் போனேன். உங்கள் உப்பைக் குழம்பில் போட்டிருந்தாள், கொஞ்சம் கசந்தது, எல்லோரும் சாப்பிட்டோம். எழிலன் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டே வந்தானாம். ரெண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்களாம். கலியமூர்த்தி பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாராம். ஒரு நாய் மட்டும் கடைசி வரை கூடவே வந்ததாம்.

பயமாக இருந்ததா என்று வெண்மதியிடம் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். சோற்றைப் பிசைந்தாள். யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்தத் தெரு ரொம்பச் சின்னது மாமா” என்றாள். “ஆரம்பிக்கறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு.”

ராபர்ட்